டொக்டர் மாப்பிள்ளையின் கடனை யார் கட்டுவது?

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் 'மணமகள் தேவை' பக்கத்தை நாங்கள் பகிடிக்குத்தான் வாசிக்கத் தொடங்கினோம். கொஞ்ச நாளில் பகிடி போய்விட்டது. வைத்தியர், வயது முப்பத்தொன்று, தீய பழக்கம் எதுவும் இல்லை என்று போகிற அந்த நாலு வரிக்குள் எழுதாத ஒரு வரி இருக்கிறது. அதைப் புறோக்கர் வீட்டுக்கு வந்துதான் சொல்லுவார். "பெடியன் வெளிநாட்டில படிச்சவன். படிப்புக்குப் பட்ட கடன் கொஞ்சம் கிடக்கு. அதை நீங்கள் பார்த்தால் காணும், மற்றதெல்லாம் அவையள் பெரிசா எதிர்பார்க்கேல்ல."

எங்களில் ஒருத்தியின் அக்காவுக்குப் பேச்சு நடந்தபோது அவர்கள் வீட்டு விறாந்தையில் இருந்து இதைக் காதால் கேட்டோம். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவளின் அப்பா கேட்டார். புறோக்கர் வாயால் சொல்லவில்லை. கையை விரித்துக் காட்டினார். ஐந்து விரல். அது ஐம்பது இலட்சமா, ஐந்து பரப்புக் காணியா என்று கடைசிவரை தெளிவாகவில்லை. கேட்கவும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. தேத்தண்ணி ஆறிப்போனது.

அந்த ஐந்து விரலைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

நேராகவே சொல்கிறோம். எங்கட ஆக்களிடையே வெளிநாட்டில் மெடிசின் படிக்கப் பட்ட கடனைப் பல வேளைகளில் டொக்டர் கட்டுவதில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் தகப்பன் கட்டுகிறார். எல்லாரையும் சொல்லவில்லை. சம்பளத்தில் மாதாமாதம் கட்டி முடித்த டொக்டர்மாரையும் எங்களுக்குத் தெரியும். அவர்களை ஊர் புகழுவதில்லை, ஏனென்றால் அவர்கள் பத்து வருசமாகப் பழைய மோட்டசைக்கிளில் வேலைக்குப் போனவர்கள். "டொக்டர் எண்டு சொல்லுறான், ஒரு கார் இல்லை" என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த பட்டம்.

இலவசக் கல்வி உள்ள நாட்டில் மருத்துவப் படிப்புக்கு எப்படிக் கடன் வருகிறது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கன்னங்கரா காலத்துச் சீர்திருத்தத்தால் 1945 தொடக்கம் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ மருத்துவபீடத்துக்குள் போன பிள்ளை கற்கைக் கட்டணம் கட்டத் தேவையில்லை. பிரச்சினை உள்ளே போகாத பிள்ளைக்கு. இடங்களில் 40 வீதம் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரித்த பிறகு, இசட் புள்ளியில் தசமத்துக்குப் பின்னால் இரண்டாம் மூன்றாம் இலக்கத்தில் வெளியே நிற்கிற பிள்ளைகள் ஒவ்வொரு வருசமும் இருக்கிறார்கள். மூன்று தரம் சோதனை எடுத்து, ஐந்து வருசம் ரியூசன் கொட்டிலில் கிடந்து, மயிரிழையில் தவறிய பிள்ளையை மொக்குப் பிள்ளை என்று எவராலும் சொல்லமுடியாது. அந்த வீட்டுக்குத்தான் ஏஜென்சி வருகிறது.

ஏஜென்சி வருகிற விதமே ஒரு கலை. ஹோட்டல் மண்டபம், குளிர், வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகளின் படம், பங்களாதேஷ், சீனா, ரஷ்யா, நேபாளம் என்று மேசை மேசையாக நாடுகள். தகப்பன்மார் கேட்கிற ஒரே கேள்வி "மொத்தம் எவ்வளவு முடியும்?" என்பது. பதில் டொலரில் வரும், அதை உடனே அண்டைய நாள் விலையில் பெருக்கி ரூபாவில் சொல்லுவார்கள். டொலர் நாளைக்கு எங்கே நிற்கும் என்று அந்த மண்டபத்தில் ஒருவரும் பேசுவதில்லை.

ஒரு கணக்குக்கு, இன்னும் 30,000 டொலர் கட்டவேண்டிய ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவுக்குக் கிட்ட. 60 இலட்சம். மே மாதம் டொலர் 360ஐத் தொட்டது. அதே 30,000 டொலர் இப்போது 1 கோடியே 8 இலட்சம். பிள்ளை ஒரு பாடத்திலும் தவறவில்லை, அப்பா குடிக்கவில்லை, அம்மா ஒரு சேலைகூட வாங்கவில்லை. இரண்டு மாதத்தில் 48 இலட்சம் ஏறிவிட்டது. அதே ஏப்ரலில் அரசாங்கம், எங்களால் வெளிநாட்டுக் கடன் கட்டமுடியாது என்று உலகத்துக்கு அறிவித்துவிட்டு நிறுத்திக்கொண்டது. சாவகச்சேரியில் இருக்கிற ஒரு தகப்பனுக்கு அப்படி அறிவிக்கிற வசதி இல்லை. மகளின் செமஸ்டர் பீஸ் கட்டாவிட்டால் சோதனை எழுத விடமாட்டார்கள். அப்போது வீட்டில் மிச்சமிருந்த தாலிக்கொடியும் போனது.

கடன் ஏறியது மட்டுமில்லை, வட்டியும் ஏறியது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. 60 இலட்சத்துக்கு 15 வீத வட்டி என்று வைத்தால் மாதம் 75,000 ரூபா. வட்டி மட்டும், முதலில் ஒரு சதமும் குறையாது. டொக்டர்மாரின் டி.ஏ.டி. அலவன்ஸ் 2024 ஜனவரியில் 35,000இலிருந்து 70,000 ஆக உயர்ந்தபோது ஊரே அதைப்பற்றிக் கதைத்தது, மற்ற ஊழியர்கள் தங்களுக்கும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த அலவன்ஸ் முழுவதையும் கொண்டுபோய்க் கொடுத்தாலும் இந்த வட்டிக்கு 5,000 ரூபா காணாது. ஐந்து வருசம் ஒன்றும் கட்டாமல் வட்டிக்கு வட்டி ஏறவிட்டால் 60 இலட்சம் 120 இலட்சமாகும். மெடிசின் கோர்ஸ் ஐந்து வருசத்துக்கு மேல் என்பதை ஞாபகப்படுத்துகிறோம்.

படித்து முடித்து வந்தவுடன் சம்பளம் என்றும் இல்லை. வெளிநாட்டுப் பட்டதாரி ஈ.ஆர்.பி.எம். சோதனை பாஸ் பண்ணவேண்டும். பழைய ஆக்கள் இன்னும் 'அக்ட் 16' என்றுதான் சொல்லுவார்கள். அது பாஸ் பண்ணி, இன்டேர்ன் நியமனத்துக்குக் காத்திருந்து, ஒரு வருசம் இன்டேர்ன் செய்து, அதற்குப் பிறகுதான் நிரந்தர நியமனம். அந்தச் சோதனை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கட அம்மாவுக்கு ஊசி போடுகிறவருக்கு ஊசி போடத் தெரிந்திருக்கவேண்டும். ஆனால் முதல் தரம் தவறினால், இரண்டாம் தரம் தவறினால் அந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு தவறலும் வட்டியில் எழுதப்படுகிறது. கோயில் திருவிழாவுக்குப் போகமாட்டாள். "பிள்ளை இப்ப எந்த ஆஸ்பத்திரியில?" என்று கேட்பார்கள் என்ற பயம்.

இதுவரை சொன்னதற்கு அரசையும் டொலரையும் ஏஜென்சியையும் குற்றம் சொல்லலாம். சொல்லவும் வேண்டும். உள்ளூரில் அரச சார்பற்ற நிறுவனங்களில் படிக்கிறவர்களுக்கு 2017 தொடக்கம் வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்று இருக்கிறது, வெளிநாட்டில் படிக்கிறவருக்கு அது இல்லை. 1980களில் வட கொழும்பு தனியார் மருத்துவக் கல்லூரிக்கு எதிராக மாணவர் போராடினார்கள், 1989இல் அதை அரசு எடுத்தது. மாலபே சைட்டத்துக்கு எதிராகவும் போராடினார்கள், 2017இல் அதை இல்லாமலாக்க அரசு முடிவெடுத்தது. காசுக்கு டொக்டர் பட்டம் விற்கக்கூடாது என்ற அந்த நியாயத்தோடு எங்களுக்குச் சண்டையில்லை. ஆனால் மாலபேயில் விற்கக்கூடாத பட்டத்தை டாக்காவில் வாங்க வீட்டை ஈடு வைக்கிற பிள்ளையைப் பற்றி அந்தப் போராட்டக்காரர்களிடமும் ஒரு வசனம் இருக்கவில்லை. அரச மருத்துவபீடங்களில் இடத்தைக் கூட்டு, வாட்டுகளைக் கூட்டு, விரிவுரையாளர்களைக் கூட்டு என்று கேட்கிற போராட்டம், மூடு என்று கேட்ட சத்தத்தில் பாதிகூட எழும்பவில்லை.

சரி, அது அரசின் கணக்கு. இனி எங்கட கணக்கு.

இந்தக் கடனுக்குப் பேப்பர் இல்லை. அதுதான் எல்லாவற்றுக்கும் அடி. பாங்கில் எடுத்த பகுதிக்குப் பேப்பர் இருக்கும், அடகுக்கடைச் சீட்டு அலுமாரியில் இருக்கும். மிச்சமெல்லாம் வாய். ஸ்காபரோவில் இருக்கிற மாமா அனுப்பியது, பெரியம்மா சீட்டு எடுத்துத் தந்தது, அப்பாவின் சிநேகிதர் "எப்பவாவது தாங்கோ" என்று தந்தது, சித்தி தன் காப்பைக் கழற்றி மேசையில் வைத்தது. மொத்தம் எவ்வளவு என்று படித்த பிள்ளைக்கே தெரியாது. கேட்டால் அம்மா சொல்லுவா: "உனக்கு ஏன் உந்தக் கதை, நீ படி." பாசத்தோடுதான் சொல்லுவா. அந்தப் பாசம்தான் பிறகு ஐந்து விரலாகப் புறோக்கரின் கையில் விரிகிறது.

இலங்கைச் சட்டத்தில் காலாவதிக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று 1871 இலிருந்து இருக்கிறது. எழுத்தில் இல்லாத கொடுக்கல் வாங்கலுக்கு மூன்று வருசம், எழுதிக் கையெழுத்து வைத்ததற்கு ஆறு வருசம், ஈட்டு உறுதிக்குப் பத்து வருசம். அதற்குப் பிறகு கோட்டுக்குப் போக வழியில்லை. எங்கட ஊர்ச் சட்டம் இதற்கு நேர் எதிர். எழுதின கடன் கட்டினால் முடியும். எழுதாத கடன் முப்பது வருசம் போனாலும் முடியாது. "அவனை ஆர் படிப்பிச்சது எண்டு அவனுக்குத் தெரியும்" என்று செத்த வீட்டில் ஒரு குரல் கேட்குமே, அது காலாவதி ஆகாத கடன். ஐந்து தரம் கட்டினாலும் அந்த வசனம் நிற்காது, ஏனென்றால் எவ்வளவு கட்டினால் முடியும் என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

இங்கிலாந்தில் மாணவர் கடன் எடுத்த பிள்ளையையும் நாங்கள் அதிர்ஷ்டசாலி என்று சொல்லமாட்டோம். ஆனால் அங்கே சம்பளம் ஒரு எல்லையைத் தாண்டிய பிறகுதான், தாண்டிய பங்கில் 9 வீதம் போகும். 2023இலிருந்து படிக்கச் சேர்ந்தவர்களுக்கு 40 வருசத்தில் மிச்சம் தள்ளுபடி. கொடிய நீளம்தான். என்றாலும் ஒரு கடைசி நாள் இருக்கிறது, அந்தக் கடனைத் தீர்க்க ஒருத்தியின் கழுத்தைத் தேடவேண்டியதில்லை.

எங்களிடம் தேடுகிறார்கள். சீதனம் என்ற சொல்லையே இப்போது படித்த குடும்பங்கள் பாவிப்பதில்லை. "டொனேசன்" என்கிறார்கள். இந்த இரண்டும் ஒன்றில்லை. தேசவழமையை 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் வைத்தபோதே சீதனம் பெண்ணின் சொத்து என்றுதான் இருந்தது. கணவனின் எழுத்துச் சம்மதமில்லாமல் தன் காணியைக்கூட அவள் விற்கமுடியாது என்ற அநியாயம் கூடவே இருந்தது. ஆனாலும் உறுதியில் அவளின் பெயர் இருக்கும். டொனேசனில் அதுவுமில்லை. காசு. உரப்பையிலோ வேறொருவரின் பாங்க் கணக்கிலோ மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும், அங்கிருந்து அடுத்த கிழமையே அடகுக்கடைக்கும் கடன்காரருக்கும் போகும். பெண்ணுக்கு மிஞ்சுவது ஒரு டொக்டரின் மனைவி என்ற பெயர். அந்தக் காசைப் புரட்ட அவளின் தகப்பன் பட்ட கடனுக்கும் பேப்பர் இல்லை. கடன் தீரவில்லை, வீடு மாறியிருக்கிறது.

"நாங்கள் கேட்கேல்ல, அவையளாத் தந்தது" என்று சொல்லுவார்கள். நாங்கள் விறாந்தையில் இருந்தோம். விரல் எண்ணிக்கை எங்களுக்குத் தெரியும்.

பெண் டொக்டருக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள், இதன் முழு முகமும் அங்கேதான் தெரியும். அதே பங்களாதேஷ், அதே பீஸ், அதே அடகு. மகன் பட்ட கடன் கலியாணத்தில் தீரும், மகள் பட்ட கடன் கலியாணத்தால் இரட்டிக்கும். படிப்புக்கு ஒரு கடன், டொனேசனுக்கு இன்னொரு கடன். கலியாணத்துக்குப் பிறகு அவள் தன் சம்பளத்தில் அப்பாவின் ஈட்டை மீட்கக் காசு அனுப்பினால் "இன்னும் தாய்வீட்டுக்கு உழைக்கிறா" என்று பேச்சு. ஆணின் கடன் குடும்பத்தின் கடன். பெண்ணின் கடன் அவளின் அப்பன் வீட்டுப் பிரச்சினை. ஒரே பட்டம், ஒரே சோதனை, ஒரே வாட்டில் ஒரே நைட் டியூட்டி.

எங்கட கூட்டத்தில் அப்படி ஒரு அக்கா இருக்கிறா. இரண்டாம் தரத்தில் ஈ.ஆர்.பி.எம். பாஸ் பண்ணி, இன்டேர்ன் முடித்து, இப்போது ஒரு ஆதார வைத்தியசாலையில் வேலை. நியமனம் கிடைத்த கிழமையே வீட்டில் கலியாணக் கதை எடுத்தார்கள். அக்கா சொன்னா, முதலில் கணக்கு. ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, அம்மாவையும் அப்பாவையும் இருத்தி, ஒவ்வொரு பெயராக, ஒவ்வொரு திகதியாகக் கேட்டு எழுதினா. மூன்று இரவு எடுத்தது. அம்மா இரண்டாம் இரவு அழுதுகொண்டு எழும்பிப் போய்விட்டா. "பிள்ளை எங்களை விசாரணை செய்யுது" என்று அயலில் சொன்னாவாம்.

பிறகு அக்கா செய்தது கெட்டித்தனமான ஒன்றுமில்லை, ஆனால் நாங்கள் எவரும் செய்யாதது. வட்டி எங்கே கூடவோ அதை முதலில் பிடித்தா. மீற்றர் வட்டிக்காரர் ஒருவர் கொப்பியில் இருந்தார், வீட்டில் அவரின் பெயரையே அதுவரை சொல்லவில்லை. அடகில் கிடந்த நகையில் பாதியை விற்று மிச்சப் பாதியை மீட்டா. பவுண் விலை அவ்வளவு ஏறியிருந்தது. வருசாவருசம் வட்டி கட்டிச் சீட்டைப் புதுப்பிப்பதைவிட அதுதான் சரி என்று கணக்குச் சொன்னது. அதற்கு வீட்டில் நடந்த சண்டையை எழுதினால் தனிக் கட்டுரை. விற்ற நகை ஏலத்தில் போன நகையைவிட அவமானம் என்று நினைக்கிற ஆக்கள் நாங்கள். ஏலத்தில் போனால் விதி, விற்றால் வீட்டின் வங்குரோத்து. பாங்க் கடனுக்குச் சம்பளத்திலிருந்து நேரே வெட்டச் சொல்லிக் கொடுத்தா. வட்டி இல்லாமல் தந்த சொந்தக்காரர் கடைசி வரிசை. ஆனால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் எழுதி அனுப்பினா: இன்ன திகதியில் இவ்வளவு தந்தீர்கள், டொலரில் தந்ததை டொலரிலேயே திருப்புவேன், இன்ன வருசத்துக்குள்.

பின்னேரத்தில் பிரைவேற் கிளினிக் போனால் கெதியாகக் கட்டலாமே என்று கேட்டோம். போகிறா, கிழமைக்கு மூன்று நாள். கூடப் போனால் காலையில் வாட்டில் நித்திரை தூங்குவேன் என்றா. பிளாப் எழுதி லண்டனுக்குப் போனால் இரண்டு வருசத்தில் முடியும் என்று அக்காவின் பட்ச் ஆக்கள் சொல்கிறார்கள், சிலர் போய்விட்டார்கள். அவர்களைத் துரோகி என்று முகப்புத்தகத்தில் எழுதுகிறவர்கள் அவர்களின் அடகுச் சீட்டை ஒருதரம் பார்த்துவிட்டு எழுதட்டும். வன்னியில் டொக்டர் இல்லாத ஆஸ்பத்திரியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களும்.

இதை வாசிக்கிற தம்பி தங்கச்சிகளில் ஏ.எல். றிசல்ட் கையில் வைத்துக்கொண்டு அந்த ஹோட்டல் மண்டபத்துக்குப் போக இருப்பவர்கள் இருப்பீர்கள். போகாதே என்று சொல்ல நாங்கள் ஆளில்லை. போகமுதல் மூன்று கேள்வியை வீட்டில் கேளுங்கள். டொலர் இன்னும் நூறு ரூபா ஏறினால் எங்கிருந்து கட்டுவது? நாலாம் வருசத்தில் நிறுத்தவேண்டி வந்தால் என்ன? இந்தக் காசில் எது தங்கச்சியுடையது? கடைசிக் கேள்விக்குத்தான் வீடு அமைதியாகும். ஆண் பிள்ளைகளே, உங்களுக்கு நாலாவதும் உண்டு: என் கடனை என் சம்பளத்தில் கட்டுவேன் என்று இப்போதே, புறோக்கர் வரமுதல், எழுதித் தருவீர்களா? டொனேசனுக்கு எதிராக மேடையில் பேசின அண்ணாமார் சிலரை அவர்களின் கலியாண வீட்டில் பார்த்தோம். "அம்மா அப்பா செய்தது, எனக்கு ஒண்டும் தெரியாது" என்றார்கள். தெரியாமல் வைத்திருப்பது எவ்வளவு வசதி.

அக்காவின் கடிதம் போய்ச் சேர்ந்தபோது ஸ்காபரோ மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் எப்ப பிள்ளை உன்னட்டக் காசு கேட்டனான்? சொந்தத்துக்க என்ன கணக்கு?" என்று அக்காவின் அம்மாவிடம் போனில் சத்தம் போட்டார். இரண்டு கிழமை கதையில்லை. பிறகு ஒருநாள் விடியப்புறம் அக்காவுக்கு வொய்ஸ் மெசேஜ் ஒன்று வந்தது. கொஞ்சம் இருமிவிட்டு மாமா சொல்லியிருந்தார்: பிள்ளை, நீ எழுதினதில ஒரு பிழை. மூண்டாம் வருசம் நீ காய்ச்சலாக் கிடந்தபோது ஆயிரத்தைந்நூறு டொலர் தனிய அனுப்பினனான், அது அதில இல்லை.

அக்கா டியூட்டி முடிந்து வந்து கொப்பியை எடுத்து, மாமாவின் பக்கத்தில் அந்த வரியையும் எழுதினா.